மாரித்துக்குப் பின்னால் ஒரு பெயர்

நூர்டால், வட டகோட்டா
1979 பிப்ரவரி 6

மதிப்பிற்குரிய திரு. பிரெக்கி அவர்களுக்கு,

கையெழுத்தைப் பார்த்தால் நான் யாரென்று உங்களுக்குத் தெரியாது. குரலைக் கேட்டால் உடனே தெரிந்துவிடும். போன மாதப் பனிப்புயலில், பனி தள்ளும் உங்கள் லாரியில், உங்கள் வலது காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினவள் நான்தான். ஜோய்ஸ் லுண்டே. அந்தக் காது இப்போது எப்படி இருக்கிறது?

போனிலேயே பேசியிருப்பேன். ஆனால் எங்கள் லைன் இன்னும் நாலைந்து வீடுகளுக்கும் பொது. நான் ஹலோ சொல்வதற்குள் இரண்டு பேர் மூச்சு விடுவது கேட்கும். இது உங்களிடம் மட்டும் சொல்ல வேண்டிய விஷயம்.

நன்றி என்று எழுதினால் அது ரொம்பச் சின்ன வார்த்தையாக இருக்கிறது. வேறு வார்த்தையும் தெரியவில்லை. என் கணவர் கர்ட்டிஸ் தீவனம் வாங்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். வீட்டில் நான் தனி. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமே இல்லை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து உங்கள் மஞ்சள் விளக்கு வந்ததே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் குழந்தை அவசரப்பட்டுவிட்டாள், அதற்கு நீங்களும் நானும் என்ன செய்ய முடியும்? "மூச்சு விடும்மா, மூச்சு விடும்மா" என்று நீங்கள் சொன்னீர்கள். "நீங்க மொதல்ல மூச்சு விடுங்க, மொகம் நீலமாயிடுச்சு!" என்று நான் திட்டினேன். நீங்கள் பயந்த பயத்தைப் பார்த்ததில் எனக்குப் பயப்பட நேரமே கிடைக்கவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி.

குழந்தை நன்றாக இருக்கிறாள். எடை கூடியிருக்கிறது. மாரித் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆனால் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேறொரு பெயர் இருந்தது, தெரியுமா? நீங்கள் கழற்றிச் சுற்றிக் கொடுத்த வேலைச் சட்டையின் பையில் உங்கள் பெயர் தைத்திருந்ததா, அங்கிருந்த நர்ஸ் அதைப் படித்துவிட்டு, "ஹால்வருக்கு எடை பாக்கணும், கொண்டாங்க," "ஹால்வர் பால் குடிச்சாச்சா?" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க எனக்குப் பிடித்துப்போயிற்று.

அதனால்தான் கேட்கிறேன். அவளுக்கு நடுப்பெயராக உங்கள் பெயரை வைக்கலாமா? மாரித் ஹால்வர் லுண்டே. என் மாமியார் மாரித் ஆன் என்று வைக்கச் சொல்கிறார். இந்த ஊரில் பாதிப் பெண்களுக்கு நடுவில் ஆன், மீதிப் பேருக்கு மரீ. ரொட்டிக்கு மார்கரின் வெண்ணெய் மாதிரி எல்லாவற்றிலும் தடவி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது வேண்டாம்.

இப்படிக்கு,
ஜோய்ஸ் லுண்டே


ஸ்டோன்க்ரீக்
பிப்ரவரி 12

திருமதி லுண்டே அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. காது நன்றாக இருக்கிறது. குழந்தை எடை கூடியது மிகவும் சந்தோஷம்.

நான் லாரி ஓட்டினேன், அவ்வளவுதான். மற்றதெல்லாம் நீங்களும் குழந்தையும் செய்தது. எல்லாரும் நன்றி சொல்லிச் சொல்லி எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. ஸ்டோன்க்ரீக் தேவாலயத்துப் பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு பாத்திரத்தில் கறியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் ஒண்டிக்கட்டை. ஃபிரிட்ஜ் கதவு மூட மறுக்கிறது.

பெயர் விஷயம். கேட்டதற்கு நன்றி. வேண்டாம். அவள் பெண் குழந்தை. ஹால்வர் என்பது மீசை வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் அவளைப் பாடாய்ப் படுத்திவிடுவார்கள். ரூத் நல்ல பெயர். கிரேஸ் நல்ல பெயர். அப்படி ஏதாவது வையுங்கள்.

சட்டைக்கு அவசரமில்லை. இன்னொன்று இருக்கிறது.

ஹால்வர் பிரெக்கி


நூர்டால்
பிப்ரவரி 20

அன்புள்ள ஹால்வர்,

என் பிள்ளை பிறந்ததைப் பார்த்தவரைத் 'திரு' போட்டுக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மீசை வைத்த பெயரா! கர்ட்டிஸ் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் காபி மூக்கில் ஏறிவிட்டது. மாமியார் அதற்கும் வழி சொல்கிறார்: "அப்ப ஹால்வோரானு வெச்சிடு, பொண்ணு பேராயிடும்." "இருமல் மருந்து மாதிரி இருக்கு, அத்தே," என்றேன். அதிலிருந்து என்னோடு சரியாகப் பேச்சில்லை.

நீங்கள் சொன்ன பெயர்களையும் நியாயமாகச் சோதித்துப் பார்த்தோம். எங்கள் அம்மா வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. பெயர் வைப்பதற்கு முன்னால் யாராவது பின்வாசலில் நின்று, பிள்ளை ஏதோ விஷமம் பண்ணிவிட்டு வயலில் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, முதல் பெயரையும் நடுப்பெயரையும் சேர்த்து உரக்கக் கூப்பிட வேண்டும். நடுப்பெயர் எதற்கு இருக்கிறது? அம்மாவுக்குக் கோபம் வரும்போது கூப்பிடத்தானே! வாயில் தடுக்காமல் வந்தால் அது பொருத்தமான பெயர்.

கர்ட்டிஸைக் குளிரில் நிற்க வைத்தேன். மாரித் ரூத் என்றார், நாக்கு மடங்கிக்கொண்டது. மாரித் கிரேஸ் என்றார். பாதியிலேயே காற்றில் போய்விட்டது. மாரித் ஆன் என்றார். மாமியார் மட்டும் கை தட்டினார். கடைசியில் "மாரித் ஹால்வர்!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், கொட்டிலில் இருந்த மாடெல்லாம் தலையைத் தூக்கின, நாய் ஓடிவந்து உட்கார்ந்துகொண்டது. மாரித் என்று ஏறி ஹால்வர் என்று அழகாக இறங்குகிறது. அவள் பெயருக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது.

உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் உங்கள் நடுப்பெயரையாவது சொல்லுங்கள், அதையும் கூப்பிட்டுப் பார்க்கிறோம். ஏப்ரல் முதல் ஞாயிறு ஞானஸ்நானம். நீங்கள் கட்டாயம் வர வேண்டும். பாதிரியாரிடமும் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் சம்மதிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
ஜோய்ஸ்


ஸ்டோன்க்ரீக்
மார்ச் 5

திருமதி லுண்டே அவர்களுக்கு,

நம் இரண்டு ஊருக்கும் ஒரே பாதிரியார், ஒரே தேவாலய அறிவிப்புத்தாள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருடைய மனைவி எல்லாவற்றையும் முன்கூட்டியே அச்சடித்து வைத்துவிடுவார் என்பதும் தெரிந்திருக்கும். நேற்று ஆராதனையில் தாளைப் பிரித்தேன். ஏப்ரல் ஞானஸ்நானம்: மாரித் ஹால்வர் லுண்டே. கர்ட்டிஸ், ஜோய்ஸ் தம்பதியரின் மகள்.

ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது எல்லாரும் முதுகில் தட்டினார்கள். "பெரிய ஆளாயிட்டியே ஹால்வர், பேரு வெக்கிற அளவுக்கு!" நான் காபியை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வேண்டாம் என்று சொன்னேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தப் பெயரை எடுத்துக் கொடுக்க அது என்னுடையது இல்லை. எனக்கு நடுப்பெயரும் கிடையாது.

பாதிரியாரிடம் சொல்லி எடுத்துவிடுங்கள். என் சட்டையையும் அனுப்பிவிடுங்கள்.

ஹா. பிரெக்கி


நூர்டால்
மார்ச் 9

ஹால்வர்,

எடுத்துவிட்டேன். உங்கள் கடிதம் வந்த அன்றே பாதிரியார் வீட்டுக்குப் போய், புதுத் தாள் அடிக்கச் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது மாரித் லுண்டே என்று மட்டும் இருக்கிறது. நடுவில் எதுவும் இல்லாமலே ஞானஸ்நானம் கொடுக்கலாமாம்.

என்னை மன்னித்துவிடுங்கள். "ஒரு மனுஷன் வேணாம்னா வேணாம்னுதான் அர்த்தம், ஜோய்ஸ்" என்று கர்ட்டிஸ் முதலிலேயே சொன்னார். கேட்டேனா? எனக்குச் சந்தோஷம் தலைக்கு ஏறியிருந்தது. அடுத்தவர்களும் அதே சந்தோஷத்தில் இருப்பார்கள் என்று நினைத்துவிட்டேன். எனக்கு நல்லது செய்த ஒருவரைக் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போக வைத்துவிட்டேனே என்று மூன்று நாளாக மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

சட்டையைத் துவைத்துத் தேய்த்து வைத்திருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பகலில் அவள் அதன்மேல்தான் தூங்குகிறாள். வேறு எதில் போட்டாலும் வீட்டைத் தலைகீழாக்குகிறாள். ஞானஸ்நானம் முடியும்வரை விட்டுவைப்பீர்களா? முடியாது என்றால் ஒரு வரி எழுதுங்கள், மறுநாளே தபாலில் போட்டுவிடுகிறேன்.

'என்னுடையது இல்லை' என்று எழுதியிருந்தீர்கள். அதை இன்னும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீங்கள் கோபத்தோடு இருக்கக்கூடாது என்பது மட்டும்தான் எனக்கு வேண்டும்.

ஜோய்ஸ்


ஸ்டோன்க்ரீக்
மார்ச் 16

ஜோய்ஸ்,

கோபம் இல்லை. எடுத்ததற்கு நன்றி. சட்டை அவளிடமே இருக்கட்டும், ஞானஸ்நானம் வரைக்கும்.

எனக்கு நீளமாக எழுதி வழக்கமில்லை. இதை நாலு தடவை எழுதிக் கிழித்தாயிற்று.

ஸ்டோன்க்ரீக் கல்லறையில், வேலிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல் இருக்கிறது. அதில் ஹால்வர் பிரெக்கி என்று எழுதியிருக்கும். அது என் அண்ணன். தொண்டை அடைப்பான் வந்து மூன்று வயதில் போய்விட்டான். அவனை நான் பார்த்ததில்லை. அடுத்த ஆண்டு நான் பிறந்தேன். அதே பெயரை எனக்கு வைத்தார்கள். அப்பாவின் ஊரில் அதுதான் வழக்கம், இங்கே பழைய குடும்பங்களில் பலபேர் அப்படிச் செய்தார்கள். போன பிள்ளையின் பெயர் வீட்டை விட்டுப் போய்விடக்கூடாது என்று. அவனுக்கு நடுப்பெயர் இருக்கவில்லை. அதனால் எனக்கும் வைக்கவில்லை. ஒரு எழுத்துக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அம்மா அப்பாவைக் குறை சொல்லவில்லை. எனக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை அவர்கள். மே மாதம் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் நாளில் என் கையில் பூவைக் கொடுத்து அந்தக் கல்லுக்கு முன்னால் நிறுத்துவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த வருஷம்தான் அது என் பெயர் என்று புரிந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருத்தன், "டேய், ஒன்னைத்தான் ஏற்கெனவே பொதச்சாச்சேடா, இன்னும் எங்க சுத்துற?" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

பின்வாசலில் நின்று கூப்பிடுவது பற்றி எழுதியிருந்தீர்கள். எங்கள் அம்மாவும் பின்வாசலில் நின்றுதான் கூப்பிடுவாள். "ஹால்வர்!" என்று. உடனே போக மாட்டேன். யாரைக் கூப்பிடுகிறாள் என்று ஒரு நிமிஷம் நிற்பேன். மறுபடியும் கூப்பிட்டால் போவேன். அவளுக்கு இது தெரியாது, பையன் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இந்த வயதிலும் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் அந்த நிமிஷம் எனக்கு வந்துவிடுகிறது.

இதுதான் விஷயம். உங்கள் குழந்தை முழுசாக, நல்லபடியாக வந்திருக்கிறாள். என் கையில் இருந்தபோது எவ்வளவு சூடாக இருந்தாள் தெரியுமா. அவள் பெயருக்குப் பின்னால் ஒரு கல்லறைக் கல்லைக் கட்டிவிட எனக்கு மனசு வரவில்லை. வேறு ஒன்றும் இல்லை.

ஞானஸ்நானத்தை ஏப்ரல் ஒன்றாம் தேதி வைத்திருக்கிறீர்கள். முட்டாள்கள் தினம். கவனித்தீர்களா?

ஹால்வர்


நூர்டால்
மார்ச் 21

அன்புள்ள ஹால்வர்,

ஒன்றாம் தேதியை இப்போதுதான் கவனித்தேன். கர்ட்டிஸுக்கு எப்போதோ தெரியுமாம். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை, பாவி மனுஷன்.

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். அழுதேன். மாரித்தைத் தூக்கிக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். யாரிடமும் காட்டவில்லை. கர்ட்டிஸிடம் மட்டும் சொன்னேன். அவர் எழுந்து கொட்டில் பக்கம் போய்விட்டார். அவருக்கு அழுகை வந்தால் மாடுகளிடம்தான் போவார்.

உங்களை வற்புறுத்த மாட்டேன். ஆனால் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன்.

அன்றைக்கு லாரியில் உங்கள் பெயரைச் சட்டையில்தான் படித்தேன். படித்ததிலிருந்து வலி வரும்போதெல்லாம் அதையே கத்தினேன். கர்ட்டிஸ் பெயரைக் கத்தவில்லை, அம்மாவைக்கூடக் கத்தவில்லை. "ஹால்வர்! ஹால்வர்!" எத்தனை தடவை! அந்த லாரியில் வேறே ஹால்வர் யார் இருந்தார்கள்? உங்கள் அண்ணனை எனக்குத் தெரியாது. நான் கூப்பிட்டது அவனை இல்லை. உங்களை. நீங்களும் அன்றைக்கு ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. நான் வாயைத் திறக்கும்போதெல்லாம், "இதோ இருக்கேம்மா, இதோ இருக்கேன்" என்று பதில் சொன்னீர்கள். ஒரு தடவை நான் கூப்பிடுவதற்கு முன்னாலேயே சொன்னீர்கள்!

எங்கள் வீட்டில் ஹால்வர் என்றால் அர்த்தம் அதுதான். கூப்பிட்டால் இதோ இருக்கேன் என்று சொல்கிற ஆள். எங்களுக்கு வேறு எந்த அர்த்தமும் தெரியாது. அதைத்தான் அவள் பெயருக்குப் பின்னால் வைக்க ஆசைப்பட்டேன். அன்று நீங்கள் பனியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனீர்கள். இனி அவள் முன்னால் நடப்பாள். பின்னால் அப்படி ஒருவர் இருக்கட்டும் என்று தாய்க்குத் தோன்றாதா?

ஒரே ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பின்வாசலில் நின்று, இரண்டு பெயரையும் சேர்த்து ஒரே ஒரு தடவை உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். தொண்டையில் எங்காவது தடுத்தால் விட்டுவிடுங்கள். அவள் வெறும் மாரித் லுண்டேயாகவே இருப்பாள், அதுவும் நல்ல பெயர்தான். அதைப் பற்றி நான் மறுபடியும் பேச மாட்டேன். நீங்கள் எப்படியும் ஞானஸ்நானத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அன்புடன்,
ஜோய்ஸ்


ஸ்டோன்க்ரீக்
மார்ச் 27

அன்புள்ள ஜோய்ஸ்,

பனி உருக ஆரம்பித்துவிட்டது. சாலையோரப் பள்ளமெல்லாம் தண்ணீர். லாரியிலிருந்து பனி தள்ளும் பலகையைக் கழற்றி வைத்துவிட்டோம்.

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. நான் 'இதோ இருக்கேன்' என்று சொன்னது எனக்கு நினைவே இல்லை. நினைத்து நினைத்துப் பார்த்தேன். பயத்தில் என்னவெல்லாமோ உளறினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒன்று நிஜம். நீங்கள் கூப்பிட்டபோது யாரை என்று நான் யோசிக்கவில்லை. அதை நீங்கள் எழுதிய பிறகுதான் கவனித்தேன்.

நேற்று வேலை முடிந்து வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் நடந்து பின்வாசலைத் திறந்தேன். வெளியே யாரும் இல்லை. முதலில் மாரித் என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன், மெதுவாக. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, நீங்கள் சொன்ன மாதிரி, அவள் என்னவோ பண்ணிவிட்டு ஓடிப்போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"மாரித் ஹால்வர்!"

பக்கத்து வீட்டு ஓப்ஹைம் அம்மாள் கதவைத் திறந்துவிட்டாள். "யாரைக் கூப்பிடுற, ஹால்வர்?"

"ஒரு சின்னப் பொண்ணை."

"எங்க, காணோமா? கொரல் குடுக்குறாளா பாரு, நானும் தேடறேன்."

"அவ இன்னும் தவழவே ஆரம்பிக்கல."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். நாளைக்கு இன்னொரு பாத்திரம் கறி வரும் என்று நினைக்கிறேன்.

தடுக்கவில்லை, ஜோய்ஸ். எங்கேயும் தடுக்கவில்லை. அம்மா கூப்பிட்டு, வாத்தியார் கூப்பிட்டு, நான் வேலை செய்யும் கவுண்டி ஆபீஸில் கூப்பிட்டு எத்தனையோ தடவை கேட்ட பெயர். என் வாயால் நான் ஒருநாளும் அதைச் சத்தமாகக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டபோது எனக்குக் கல் நினைவுக்கு வரவில்லை. உங்கள் குழந்தை என் கையில் கிடந்து ஒரு கண்ணைத் திறந்து என்னை முறைத்ததுதான் நினைவுக்கு வந்தது. இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டேன். சோதனைக்காக இல்லை. நன்றாக இருந்தது, அதனால்.

இன்று காலை வேலைக்குப் போகும் வழியில் கல்லறையில் வண்டியை நிறுத்தினேன். பனி பாதி உருகி, பெயர் வரை தெரிந்தது. இங்கே பாரடா, நம் பெயரை ஒருத்தி கேட்டு வாங்கிக்கொண்டு போகிறாள் என்று அவனிடமும் சொல்லிவிட்டேன். அவனிடம் நான் பேசியது இதுதான் முதல் தடவை.

நீங்கள் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். போதும். இனி நான் சொல்கிறேன். நன்றி, ஜோய்ஸ். கர்ட்டிஸுக்கும். உங்கள் மாமியாரிடம் மட்டும் கோபிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள், அடுத்த பெண் பிள்ளைக்கு ஆன் வைத்துக்கொள்ளலாம்.

பாதிரியாரிடம் இன்னொரு முறை தாள் அடிக்கச் சொல்லுங்கள். அவர் மனைவி என்னைத் திட்டட்டும், பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே வந்துவிடுகிறேன். முன்வரிசையில் உட்கார மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

சட்டையைத் திருப்பித் தர வேண்டாம். அதில் அவள் பெயர் இருக்கிறது.

ஹால்வர்